சனிக்கிழமைப் பேப்பரும் ஒரு கப்பல் பாட்டும்

சனிக்கிழமைப் பேப்பர் மற்ற நாள் பேப்பரைவிட மூன்று மடங்கு பாரம். விளம்பரத் தாள்கள் உள்ளே செருகி, றப்பர் வளையம் போட முடியாதபடி பருத்துக் கிடக்கும். விடிய நாலு மணிக்கு அதை வீடு வீடாகப் போடுவது அப்பாவின் இரண்டாவது வேலை. முதல் வேலை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவது. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலவறையில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம் அது. பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் அப்பா என்னையும் எழுப்பிக்கொண்டு போவார். அவர் காரை மெல்ல உருட்டிக்கொண்டு வர, நான் ஓடிப்போய் வாசல்களில் பேப்பரை வைத்துவிட்டு ஓடிவருவேன். விரல் நுனிகள் மையில் கறுத்து, குளிரில் விறைத்துப்போகும். அந்தப் பழைய காரில் சூடு சரியாக வராது. றேடியோ மட்டும் நன்றாக வேலை செய்யும்.

அன்று 1990 நவம்பர் 10. எனக்குப் பதினொரு வயது. கனடா வந்து இரண்டு வருடம். அப்பாவுக்கு ஆங்கிலப் பாட்டு என்றால் இரைச்சல். செய்திக்காகத்தான் றேடியோவைப் போடுவார், பாட்டு வந்தால் குமிழைத் திருகிவிடுவார். அன்று திருகவில்லை. அறிவிப்பாளர் ஏதோ பதினைந்து வருடம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு கிற்றார் நாதம், அதன் மேல் ஓர் ஆண் குரல். பல்லவி இல்லை, அனுபல்லவி இல்லை. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் கதை ஒரு படி முன்னே போனது. கரைவலை இழுப்பவர்கள் அம்பா பாடுவதுபோல அவசரமில்லாமல், இழுத்து இழுத்து.

"என்ன பிள்ளை சொல்லுறான்?"

"கப்பல் ஒண்டு தாண்டுபோச்சாம் அப்பா."

"கடலிலையோ?"

"இல்லை, ஏரியிலை."

"ஏரியிலை கப்பல் தாழுமோ? வடிவாக் கேள்."

வடிவாகக் கேட்டேன். அந்த வயதில் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். குடிவரவுக் கடிதம், மின்சார பில், மருத்துவர் சொல்வது எல்லாம் என் வாய் வழியாகத்தான் அப்பாவுக்குப் போகும். ஆனால் ஒரு பாட்டை அவர் மொழிபெயர்க்கச் சொன்னது அன்றுதான். நவம்பர் மாதப் புயல் என்றேன். கப்பலில் ஒரு வயதான சமையல்காரன் வருகிறான் என்றேன். ஒரு தேவாலயத்தில் மணி அடிக்கிறார்கள், ஆளுக்கொரு முறை, இருபத்தொன்பது தரம் என்றேன்.

"இருபத்தொன்பது பேரோ? ஒருத்தரும் தப்பேல்லையோ?"

"ஒருத்தரும் இல்லையாம். பிரேதமும் வரேல்லையாம்."

அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். இன்னும் நாற்பது வீடு மிச்சமிருந்தது. பாட்டு முடியும்வரை இரண்டு கையையும் ஸ்ரியறிங் வளையத்தில் வைத்தபடி முன்னே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "ஐப்பசி. ஐப்பசி, கார்த்திகையிலை தண்ணியை நம்பேலாது" என்று மட்டும் சொன்னார்.

பெரியப்பாவை நினைத்துத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் அண்ணர் நெடுந்தீவில் ஒரு மோட்டார் வள்ளத்தில் இயந்திரம் பார்த்தவர். நான் பிறப்பதற்குப் பத்து வருடத்துக்கும் முன்பு, ஒரு கார்த்திகையில், சாமான் ஏற்றிக்கொண்டு வந்த வள்ளம் வாடைக்காற்றில் அகப்பட்டது. புங்குடுதீவுக் கரை தெரியும் தூரம் என்பார் அப்பா. ஐந்து பேர் போனார்கள். எங்கள் கடல் இளஞ்சூடான கடல். மூன்றாம் நாள் உடலைத் திருப்பித் தந்துவிடும் என்பார்கள். பெரியப்பாவைத் தரவில்லை. எங்கேயாவது கரை ஒதுங்கியிருப்பார், இந்தியாவுக்குக்கூட அடித்துக்கொண்டு போயிருக்கலாம் என்று பெரியம்மா எட்டு வருடம் பொட்டை அழிக்கவில்லை. எட்டாம் வருடம் தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, கீரிமலையில் அந்தியேட்டி முடித்தார்கள்.

அடுத்த கிழமை பள்ளிக்கூட நூலகத்தில் அந்தக் கப்பலைத் தேடினேன். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். 729 அடி நீளம். 1958இல் நீரில் இறக்கப்பட்டபோது அமெரிக்கப் பேரேரிகளில் அதுவே மிகப் பெரிய கப்பல். 1975 நவம்பர் 9ஆம் தேதி, விஸ்கொன்சின் மாநிலத்தின் சுப்பீரியர் துறைமுகத்திலிருந்து 26,000 தொன்னுக்கு மேல் இரும்புத் தாதுடன் புறப்பட்டது. மறுநாள் இரவு ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, தனக்குப் பின்னால் வந்த கப்பலுடன் கப்டன் வானொலியில் பேசினார். சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அவர் சொன்ன கடைசிச் செய்தி. சில நிமிடங்களில் ராடாரில் அந்தப் புள்ளி இல்லை. வைற்ஃபிஷ் குடா என்ற ஒதுக்கிடம் அங்கிருந்து 17 மைல்தான்.

நூலகத்தில் இன்னொன்றும் பார்த்தேன். சுப்பீரியர் ஏரியின் பரப்பு 82,000 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பு 65,610. எங்கள் நாட்டை அப்படியே தூக்கிப் போட்டாலும் அந்த ஏரி மூடிவிடும். அடியில் நீர் அவ்வளவு குளிர் என்பதால் உடல் அழுகி மிதந்து மேலே வருவதில்லை. இதை அப்பாவிடம் வந்து சொன்னபோது அவர் உள்ளியை உரித்துக்கொண்டிருந்தார். "அப்ப அதுவும் கடல்தான்" என்றார். ஏரியைப் பற்றி அவருக்கிருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

பாடியவர் பெயர் கோர்டன் லைற்ஃபுட். பழைய சாமான் கடையில் அந்தப் பாட்டு இருந்த 1976ஆம் வருடத்து இசைத்தட்டின் கசெற் கிடைத்தது. ஒரு டொலர். உறையில் தாடி வைத்த மனிதர். எங்கள் வீட்டில் சீர்காழியும் ரி.எம்.எஸ்ஸும் நல்லூர்த் தவில் நாதஸ்வரக் கசெற்றுகளும் இருந்த பெட்டிக்குள் அதுவும் போய்ச் சேர்ந்தது.

அவரைப் பற்றி நான் சிறுகச் சிறுக அறிந்துகொண்டது பிறகுதான். ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரிலியா என்ற சிற்றூரில் 1938 நவம்பர் 17இல் பிறந்தவர். தகப்பன் ஒரு சலவை நிலையத்தை நடத்திவந்தார். சிறுவயதில் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் பாடினார். ஒரு பாட்டைக் கேட்பவர் மனதில் எப்படி இறக்குவது என்பதை அங்கே குழுவை நடத்தியவரிடம்தான் கற்றதாகப் பின்னாளில் சொன்னார். குரல் உடையும் முன்பே, போட்டியில் வென்ற சிறுவனாக, ரொறன்ரோவின் மாசி மண்டப மேடையில் ஏறிவிட்டார். 1894இல் கட்டப்பட்ட மண்டபம் அது. பிற்காலத்தில் அதே மேடையில் அவர் 160 தடவைகளுக்கு மேல் பாடினார்.

அறுபதுகளின் நடுவில் ரொறன்ரோவின் யோர்க்வில் பகுதிக் கோப்பிக் கடைகளில் கிற்றாருடன் நின்று பாடிக்கொண்டிருந்த இளைஞனின் பாட்டுகளை முதலில் மற்றவர்கள்தான் உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். இயன் அன்ட் சில்வியா, பீற்றர் போல் அன்ட் மேரி, மாட்டி றொபின்ஸ், பிறகு எல்விஸ் பிறெஸ்லி, பொப் டிலன். லைற்ஃபுட்டின் பாட்டு ஒன்றைக் கேட்டால் அது முடியவே கூடாது என்று தோன்றும் என டிலன் சொல்லியிருக்கிறார். 1986இல் கனடிய இசைப் புகழ்மண்டபத்தில் லைற்ஃபுட்டைச் சேர்த்து வைத்ததும் டிலன்தான். அந்தத் தலைமுறையில் ஜோனி மிச்சலும் நீல் யங்கும் அமெரிக்காவுக்குப் போய் அங்கேயே பெரிய ஆட்களானார்கள். இவர் ரொறன்ரோவை விடவில்லை. 1971 முதல் கனடிய வானொலிகள் 30 சதவீதம் கனடியப் பாடல்களை ஒலிபரப்ப வேண்டும் என்று விதி வந்தது. அந்த விதி இல்லாவிட்டாலும் அவர் ஒலித்திருப்பார். அதற்கு முந்திய ஆண்டே வந்த, உடைந்துகொண்டிருந்த மணவாழ்வைப் பற்றிய பாட்டு கனடாவில் முதலிடத்துக்குப் போனது. அமெரிக்காவில் ஐந்தாம் இடம். 1974இல் இன்னொன்று அமெரிக்காவிலும் முதலிடம். கப்பல் பாட்டு ஆறரை நிமிடம். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் வானொலிக்காரர் தயங்கிய காலத்தில் அது கனடாவில் முதலாவதாகவும் அமெரிக்காவில் இரண்டாவதாகவும் வந்தது. ஒரு வாரச் சஞ்சிகையில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, கப்பல் தாண்டு சில கிழமைகளிலேயே எழுதத் தொடங்கிய பாட்டு அது.

அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருட்டில்லை. அவருக்குப் பிடித்த இரண்டாவது பாட்டு விமான நிலையத்துப் பாட்டு. 1960களில் எழுதியது. மழை பெய்யும் விடியற்காலையில், காசில்லாத ஒருவன் விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று, தன் ஊர்ப்பக்கம் போகக்கூடிய விமானம் மேலே ஏறுவதைப் பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. நான் அதை மொழிபெயர்த்துச் சொன்ன மாதத்தில் எங்கள் அகதி வழக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. அம்மம்மா ஊரில் சாகக் கிடந்தார். அப்பாவால் போக முடியாது. அந்தக் கோடையில் ஞாயிறு மாலைகளில் அவர் எங்களைப் பியர்சன் விமான நிலையத்துக்கு அருகே ஒரு தெருவோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். தம்பிக்கு விமானம் பார்ப்பது விளையாட்டு. அம்மா பிளாஸ்கில் தேத்தண்ணியும் பணிசும் கொண்டுவருவார். தலைக்கு மேல் விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். அப்பா காரில் சாய்ந்து நின்று ஒவ்வொன்றும் எந்தத் திசையில் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டேயிருப்பார்.

இன்னொரு பாட்டின் தலைப்பை மட்டும் சொன்னேன். அப்பா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். தலைப்பின் பொருள்: யூலையில் ஒரு கறுப்பு நாள். "எங்கட யூலையோ?" என்று கேட்டார். இல்லை, 1967 யூலை 23ஆம் தேதி டெட்ராயிட் நகரில் வெடித்த கலவரம். 43 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே லைற்ஃபுட் அதைப் பாடினார். அமெரிக்க வானொலி நிலையங்கள் பல அந்தப் பாட்டைப் போட மறுத்தன. தமிழருக்கு எதிராக வெடித்த எங்கள் கறுப்பு யூலை 1983இல் அதற்கு அடுத்த தேதியில், 24ஆம் தேதி இரவு தொடங்கியது. அப்பா அப்போது கொழும்பில், ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தவர். அன்று இரவு அவர் அந்தப் பாட்டை மூன்று தரம் போடச் சொன்னார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அவரது ரயில்பாதைப் பாட்டைப் பாடமாக வைத்தார்கள். கனடாவின் நூற்றாண்டுக்காகக் கனடிய அரச ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி. கேட்டு எழுதுவித்தது, 1967 ஜனவரி முதலாம் தேதி ஒலிபரப்பானது. நாட்டின் பெருமையைப் பாடத் தொடங்கி, நடுவில் மெதுவாகி, தண்டவாளம் போட்ட கூலியாட்களின் வியர்வைக்கும் சாவுக்கும் இறங்கும் பாட்டு. விழாவுக்குக் கேட்ட இடத்தில் செத்தவர்களை நினைவுபடுத்திய துணிச்சல் பெரிது. மேற்கே மலைகளில் பாதை வெட்டிச் செத்த சீனத் தொழிலாளரை அவர் தனியாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2002இல் சொந்த ஊரான ஒரிலியாவில் கச்சேரிக்குப் போயிருந்தபோது வயிற்றுப் பெருநாடி வெடித்து ஆறு கிழமை நினைவில்லாமல் கிடந்தார். எழுந்து வந்து மறுபடி பாடினார். 2006இல் சிறு பக்கவாதம், வலதுகை விரல்கள் மடங்கவில்லை. பழக்கிப் பழக்கி அதையும் மீட்டார். குரல்தான் முன்புபோல இல்லை, நூலாய்ப் போயிற்று.

2018 யூலை முதலாம் தேதி, மாசி மண்டபத்தைத் திருத்த வேலைக்காக மூடுவதற்கு முன் நடந்த கடைசிக் கச்சேரி அவருடையது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் நின்றவருக்கு 79, அப்பாவுக்கு 77. எங்களைச் சுற்றி முழுக்க நரைத்த தலைகள். கப்பல் பாட்டுத் தொடங்கியதும் அப்பா முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடம் கேட்ட பாட்டு. அதன் ஒவ்வொரு சொல்லும் பொருளாக இல்லாவிட்டாலும் ஓசையாக அவருக்குத் தெரியும். பாதிக்கு மேல் ஓரிடத்தில் அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது.

"பிள்ளை, ஓரிடத்திலை மாத்திப் பாடிப்போட்டான்."

மாற்றித்தான் பாடினார். இறங்கி வந்து சுரங்க ரயிலில் உட்கார்ந்ததும் விளக்கமாகச் சொன்னேன். கப்பலின் மேல்தளத்தில் 21 சரக்குத் திறப்புகள் இருந்தன. மூடிகள் சரியாக அடைக்கப்படாததால் நீர் புகுந்தது என்று 1977இல் அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் அறிக்கை சொன்னது. அப்படியென்றால் மூடியைப் பூட்ட வேண்டிய மாலுமிகள் மீது பழி. பாட்டிலும், சமையல்காரன் வந்து பேசும் இடத்தில், இரவு ஏழு மணிக்குப் பெரிய மூடி இடிந்து விழுந்ததாக வரும். பல வருடங்களுக்குப் பிறகு, 2010இல், ஒரு கனடிய ஆவணப்படக் குழு மாலுமிகளின் கவனக்குறைவு காரணமல்ல, பேரலையாக இருக்கலாம் என்று காட்டியது. அதைக் கேட்டதும் லைற்ஃபுட் அந்த வரியை மாற்றினார். அதற்குப் பிறகு மேடையில் அந்த இடத்தில் மூடி விழுவதில்லை, இருட்டுகிறது, அவ்வளவே. மூடிக்குப் பொறுப்பாக இருந்தவர்களின் வீட்டாருக்கு அது முப்பத்தைந்து வருடப் பாரம்.

இன்னொரு சொல்லையும் முன்பே மாற்றியிருந்தார். மணி அடித்த டெட்ராயிட் மாலுமிகள் தேவாலயத்தைப் பூஞ்சணம் பிடித்த கூடம் என்று பாடியிருந்தார். அங்கே போகும் ஒருவர் எங்கள் கோவில் அப்படி இல்லை என்றதும் அந்தச் சொல்லைத் திருத்திக்கொண்டார். கப்பல் கிளீவ்லாண்டுக்குப் போனதாகப் பாட்டில் வரும். உண்மையில் அது டெட்ராயிட் பக்கம் போனது. அதை விட்டுவிட்டார். அது யாரையும் நோகடிக்கவில்லை. உலகம் முழுக்க மனப்பாடமாகிப்போன ஒரு பாட்டை, அதை எழுதியவரே எழுபது வயதுக்கு மேல் திருத்திப் பாடியதைத்தான் அவர் செய்த எல்லாவற்றிலும் பெரிய காரியமாக நான் நினைக்கிறேன்.

கென்னடி நிலையம் வரும்வரை அப்பா பேசவில்லை. பிறகு, அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வள்ளம் தாண்ட பிறகு ஊரில் ஒரு கதை கிளம்பியது. பெரியப்பா கலப்பற்றுப் பார்க்காமல் வள்ளத்தை இறக்கினார், பலகை இடுக்கால் தண்ணீர் ஏறித்தான் தாண்டது என்று. பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் கதை நின்றுவிட்டது. கிணற்றடியில் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்களாம். பெரியம்மா விடியுமுன்னே தண்ணீர் அள்ளப் போகத் தொடங்கியதற்குக் காரணம் அதுதான். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, அண்ணரோடு வள்ளத்தின் அடியில் மல்லாந்து படுத்து, பஞ்சு திணித்துக் கலப்பற்றுப் பார்த்தது தானே என்றார் அப்பா. கையில் இருந்த பிசின் போக ஒரு கிழமை எடுத்ததாம். ஊரில் அதைச் சொன்னார். தம்பி அண்ணனுக்காகப் பேசுகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

"அவன் மாத்திப் பாடினான் பார்," என்றார். "ஆரும் கேட்டு நிண்டதாலை இல்லை."

அன்று இரவு வீட்டுக்கு வந்து, பேப்பர் வேலைக் காலத்துக் கணக்குக் கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் வள்ளத்தில் போனவர்களின் பெயரை எழுதச் சொன்னார். நான் எழுதினேன். நான்கு பெயர் வந்தது. ஐந்தாவது ஆள் ஒரு பெடியன். பருவத்துக்கு வேலை தேடி மன்னார்ப் பக்கமிருந்து வந்தவன், பதினாறு பதினேழு வயதிருக்கும். வந்து இரண்டு கிழமைதான். எல்லோரும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள்.

சுப்பீரியர் ஏரியின் அடியிலிருந்து அந்தக் கப்பலின் மணியை 1995 யூலையில் மேலே எடுத்தார்கள். அதன் இடத்தில் இன்னொரு மணியைச் செய்து இறக்கினார்கள். புதிய மணியில் 29 பேரின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. மூன்று மாதம் கழித்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்த வருடம் அது. அப்பா றேடியோவுக்கு முன்னாலேயே இருந்தார். பழைய மணி வைற்ஃபிஷ் முனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன்.

அப்பா 2021 தையில் போனார். லைற்ஃபுட் 2023 மே முதலாம் தேதி, 84 வயதில், ரொறன்ரோவில் இறந்தார். அவர் சிறுவனாய்ப் பாடிய ஒரிலியாத் தேவாலயத்திலேயே கடைசிச் சடங்கு நடந்தது. அவர் இறந்த மறுநாள் டெட்ராயிட் மாலுமிகள் தேவாலயத்தில் மணியை முப்பது தரம் அடித்தார்கள். இருபத்தொன்பது மாலுமிகளுக்கு, ஒன்று அவருக்கு.

கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. நாலு பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக இருக்கிறது. அறுபதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகையில், நெடுந்தீவுக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே தாண்ட சாமான் வள்ளத்தில் போன மன்னார்ப் பெடியனை யாருக்காவது தெரிந்தால், அவனைத் தேடிய தாயையோ சகோதரங்களையோ தெரிந்தால், பெயரை மட்டுமாவது எனக்கு எழுதுங்கள். அந்த வள்ளம் கலப்பற்றுப் பார்த்துத்தான் கடலில் இறக்கப்பட்டது.